மூச்சை எண்ணும் வேலை

பெரிய ஆஸ்பத்திரிப் பொது வார்டு ஒன்றில் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையைப் படித்துப் பாருங்கள். காய்ச்சல் 99, 101, 100 என்று ஏறி இறங்கியிருக்கும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் வேளைக்கு வேளை மாறியிருக்கும். மூச்சு மட்டும் பல அட்டைகளில் காலை 20, மாலை 20, ராத்திரி 20. பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே 20. நம் ஊர் நர்ஸுகளை இதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை அலசி 2017இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று, எல்லோரும் நிமிடத்துக்கு 20 தடவைதான் மூச்சு விடுகிறார்களா என்று தலைப்பிலேயே கேட்டிருக்கிறது.

மற்றவற்றை அளக்கக் கருவி உண்டு. மூச்சை எண்ண வேண்டுமானால் ஒரு முழு நிமிடம் நோயாளியின் வயிற்றைப் பார்த்தபடி நிற்க வேண்டும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே மூச்சின் போக்கு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை நெஞ்சின்மேல் வைக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். முப்பது கட்டிலுக்கு ஒரே சிஸ்டர் என்றால் ஒரு சுற்று மூச்சு எண்ணவே அரை மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் இரண்டு பேருக்கு டிரிப் தீர்ந்திருக்கும், ஒருவர் வாந்தி எடுத்திருப்பார். 20 என்று எழுதிவிட்டு நகர்வதில் ஆச்சரியமில்லை.

செப்சிஸ் பெரும்பாலும் முதலில் தலைகாட்டுவது இந்த எண்ணில்தான் என்பதுதான் சங்கடம்.

'கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு' என்று ஆஸ்பத்திரி வாசலில் சொல்லிக்கொள்வது பாதி உண்மை. கிருமி நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ காலில் பட்ட புண்ணிலோ இருக்கலாம். ரத்தத்தில் இல்லாமலும் போகலாம். அதை எதிர்க்கக் கிளம்பும் உடம்பின் பாதுகாப்புப் படை கட்டுமீறித் தன் உறுப்புகளையே சேதப்படுத்தத் தொடங்குவதுதான் செப்சிஸ். 2016இல் உலக வல்லுநர்கள் வகுத்த வரையறையும் இதையே சொல்கிறது. நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிகின்றன. குழாய்கள் தளர்ந்து ரத்த அழுத்தம் இறங்குகிறது. திசுக்களில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. அந்த அமிலத்தன்மையைக் குறைக்க உடம்பு கையாளும் சுலபமான வழி, கரியமில வாயுவை வேகமாக வெளியேற்றுவது. ஆகவே மூச்சு 20இலிருந்து 24, 26 என்று ஏறுகிறது. ரத்த அழுத்தம் சரிவதற்குச் சில மணி நேரம் முன்பே இது நடக்கக்கூடும்.

அந்தச் சில மணி நேரத்தின் விலையைக் கனடாவின் வின்னிபெக்கில் ஆனந்த் குமார் என்ற மருத்துவரின் குழு 2006இல் கணக்கிட்டது. செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் சரிந்துபோன 2,731 நோயாளிகளின் பதிவுகளில், சரியான ஆன்டிபயாட்டிக் தர ஒவ்வொரு மணி நேரம் தாமதமாகும்போதும் பிழைப்பவர்களின் விகிதம் சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இவ்வளவு செங்குத்தான சரிவைக் காட்டவில்லை. ஆனாலும் தாமதம் நல்லது என்று எவரும் சொன்னதில்லை. உலகளவில் 2017இல் மட்டும் 4.89 கோடிப் பேருக்குச் செப்சிஸ் வந்து 1.1 கோடிப் பேர் இறந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. அந்த ஆண்டு இறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

அப்படியானால் ரத்தத்தைச் சோதித்துச் சட்டென்று உறுதிசெய்துவிடலாமே என்று தோன்றும். கிருமியை வளர்த்துக் காட்டும் சோதனைக்கு 'கல்ச்சர்' என்று பெயர். சத்துக் குழம்பு நிரம்பிய புட்டியில் பத்து மில்லி ரத்தத்தை விட்டு இயந்திரத்தில் வைப்பார்கள். கிருமி பெருகிக் கரியமில வாயுவை விட, புட்டியின் அடியிலுள்ள உணரி நிறம் மாறும் அல்லது ஒளிரும். இதற்கே அரை நாள், ஒரு நாள் ஆகிவிடும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரிய மேலும் ஒரு நாள். செப்சிஸ் நோயாளிகள் கணிசமானோருக்குக் கல்ச்சரில் ஒன்றும் முளைப்பதே இல்லை. ஆகவே டாக்டர் சந்தேகத்தின் பேரில்தான் இறங்க வேண்டும். சந்தேகத்தை நேரத்தோடு கிளப்பிவிடும் வேலையைத்தான் இப்போது கணினியிடம் ஒப்படைக்கப் பார்க்கிறார்கள்.

இந்த விஷயத்தை நான் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலை மனத்தில் வைத்துக்கொண்டு யோசிக்கிறேன். செல்வமும் கருவியும் குவிந்த பெங்களூர் மருத்துவமனைகளுக்கு வெளியே, ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில், பெரும்பாலும் தமிழ் பேசும் ஒரு ஊர். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்டத் தொடங்கியது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. கம்பெனி ஆஸ்பத்திரியும் அத்தோடு பாழடைந்தது. 2021இல் கோவிட் இரண்டாம் அலை அடித்தபோது தன்னார்வலர்கள் புதரை வெட்டி, தூசி தட்டி, பழைய கட்டில்களைத் துடைத்து அதைத் திரும்பவும் திறந்தார்கள். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை அரசு மருத்துவமனையில் சமாளிக்க முடியாத நோயாளி கோலாருக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் பெங்களூருக்கோ வேலூருக்கோ.

இன்னொரு காரணமும் உண்டு. வரப்போகும் ஆபத்தை அதிர்வை வைத்துக் கண்டுபிடிக்க முயல்வது இந்த ஊருக்குப் புதிதல்ல. இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கியது. அந்த ஆழத்தில், தோண்டி எடுத்த இடத்தைச் சுற்றியுள்ள பாறை அழுத்தம் தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறும். மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாத்திரம் உருளும். கீழே ஆட்கள் நசுங்குவார்கள். 1912லேயே இங்கே நிலநடுக்கப் பதிவுக் கருவி வைத்தார்கள். 1978இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு உணரிகளின் வலைப்பின்னலே அமைக்கப்பட்டது. எந்த மூலையில் பாறை முனகுகிறது, சிறு அதிர்வுகள் எங்கே பெருகுகின்றன என்று கண்டறிய அது உதவியது. எந்த நாள் எந்த மணிக்கு வெடிக்கும் என்று கறாராகச் சொல்ல அன்றும் முடியவில்லை. இன்று உலகின் எந்தச் சுரங்கத்திலும் முடிவதில்லை. அதனால் பாறையைத் தாங்கிப் பிடிக்கும் வேலை தனியாக நடந்தது: மர முட்டுக்குப் பதில் கருங்கல் சுவர், பிறகு கான்கிரீட். கருவியின் முள் ஆடுவது வேறு, முட்டுக் கொடுப்பது வேறு. செப்சிஸ் எச்சரிக்கைக் கணினிகளின் கதையைப் படிக்கும்போது எனக்கு இந்த வித்தியாசம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

அமெரிக்காவில் மருத்துவப் பதிவேட்டு மென்பொருள் விற்கும் எபிக் நிறுவனம், செப்சிஸை முன்கூட்டிச் சொல்லும் ஒரு மாதிரியை நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளுக்குக் கொடுத்தது. நோயாளியின் எண்களை மென்பொருள் சதா கவனித்துக்கொண்டே இருக்கும். அபாய மதிப்பெண் எல்லை தாண்டினால் டாக்டரின் திரையில் எச்சரிக்கை வரும். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தங்கள் 38,455 மருத்துவமனை அனுமதிகளின் பதிவுகளில் அதைச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டிருந்தது. ஆனால் உள்நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தது. அது பார்த்த விவரங்களில் ஒன்று, டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதியிருக்கிறாரா என்பது. டாக்டருக்கே சந்தேகம் வந்து மருந்து எழுதிய பிறகு கணினி வந்து 'எனக்கும் சந்தேகமாக இருக்கிறது' என்று சொன்னால் அதில் என்ன முன்னறிவிப்பு? அதே பல்கலைக்கழகத்தின் மற்றொரு குழு 2024இல் இதை இன்னும் துல்லியமாகக் காட்டியது. மருத்துவமனையில் இருந்த காலம் முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் மாதிரி 87 சதவீதம் சரியாகப் பிரித்தறிந்தது. டாக்டர் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கச் சொல்வதற்கு முந்தைய கணிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 53 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே ஐம்பது கிடைக்கும். அந்த நிறுவனம் இடையில் தன் மாதிரியைத் திருத்தியமைத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. டார்ஜிலிங்கில் பிறந்த சுசி சாரியா, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய அமைப்பு ஐந்து மருத்துவமனைகளில் பயன்படுத்தப்பட்டு 2022இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. எச்சரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் டாக்டரோ நர்ஸோ அதைப் பார்த்து உறுதிசெய்த நோயாளிகளிடம் இறப்பு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாக இறங்கியிருந்தது. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனை அல்ல. எனவே இதைச் சற்று அடக்கியே வாசிக்க வேண்டும். நான் கவனித்தது வேறொன்றை. அவர்கள் ஒப்பிட்டது கணினி இருந்த ஆஸ்பத்திரியையும் இல்லாத ஆஸ்பத்திரியையும் அல்ல. கணினி கூப்பிட்டபோது மூன்று மணி நேரத்துக்குள் ஆள் வந்த கட்டிலையும் வராத கட்டிலையும்.

கூப்பிட்டால் ஆள் வர வேண்டுமென்றால் சும்மா சும்மா கூப்பிடக் கூடாது. ஒரு சின்னக் கணக்கு: நூறு நோயாளிகள் இருக்கும் இடத்தில் ஐந்து பேருக்குச் செப்சிஸ் என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்களில் 80 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் ஒரு நல்ல கருவியைப் பொருத்துகிறோம். அது ஐவரில் நால்வரைப் பிடிக்கும். மீதி 95 பேரில் 19 பேரையும் பிடிக்கும். ஆக 23 எச்சரிக்கைகளில் நான்குதான் நிஜம். மூன்றாம் நாள் சிஸ்டர் அந்த மணியோசையைக் காதில் வாங்கமாட்டார். வாங்கினால் அது இன்னும் மோசமாகலாம்: 19 பேருக்கும் மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாட்டிக் ஏறும். நம் நாட்டில் கடைசி அஸ்திரமாக வைத்திருக்க வேண்டிய ஆன்டிபயாட்டிக்குகள் ஏற்கனவே மழுங்கிக்கொண்டிருக்கின்றன. அதைத் தடுக்கத்தான் இந்திய மருத்துவச் சங்கங்கள் 2012இல் சென்னையில் கூடிப் பிரகடனமே எழுதின. உலக அளவிலான செப்சிஸ் வழிகாட்டி 2021இல் இங்கே ஒரு நடுவழி வகுத்தது. ரத்த அழுத்தம் சரிந்திருந்தாலோ செப்சிஸ்தான் என்று பெரும்பாலும் தோன்றினாலோ ஒரு மணி நேரத்துக்குள் மருந்து. வெறும் சந்தேகம்தான், அழுத்தம் சரியாக இருக்கிறது என்றால் மூன்று மணி நேரம் வரை விசாரிக்கலாம். சந்தேகம் தீராவிட்டால் மருந்து.

கணிப்பை விட்டுவிட்டு அளப்பதை மட்டும் கருவியிடம் கொடுத்தால் என்ன என்ற கேள்விக்குத் தங்கவயலிலிருந்து நூறு கிலோமீட்டரில் ஒரு பதில் இருக்கிறது. பெங்களூரின் டோஸி நிறுவனம் மெத்தைக்கு அடியில் விரிக்கும் ஒரு மெல்லிய விரிப்பைச் செய்கிறது. உடம்பில் ஒயர் எதுவும் ஒட்ட வேண்டாம். இதயம் ரத்தத்தை உந்தித் தள்ளும் ஒவ்வொரு முறையும் உடம்பு நூலிழை அளவு எதிர்த்திசையில் அசைகிறது. தராசில் அசையாமல் நிற்கும் ஆளின் இதயத்துடிப்புக்கு ஏற்ப முள் ஆடுவதை கார்டன் என்பவர் 1877இலேயே குறித்திருக்கிறார். விரிப்பிலுள்ள உணரி அந்த அசைவையும், நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதையும் மின்குறியாக மாற்றும். இரண்டும் வேறு வேறு தாளம். கணினி அவற்றைப் பிரித்து நிமிடத்துக்கு நிமிடம் மூச்சையும் துடிப்பையும் எழுதிக்கொண்டே போகும். கோவிட் காலத்தில் இது பல அரசு மருத்துவமனைகளின் கட்டில்களுக்குள் நுழைந்தது. சுரங்கத்தில் பாறைக்குக் காது வைத்ததும் அதிர்வு உணரிதான், மெத்தைக்கு அடியில் மூச்சுக்குக் காது வைப்பதும் அதிர்வு உணரிதான்.

நம் பொது வார்டில் இதற்கு வரும் சோதனைகளை ஆய்வகத்தில் நினைத்திருப்பார்களா தெரியாது. நோயாளியின் காலடியில் அம்மா உட்கார்ந்திருப்பார். குழந்தை மெத்தையில் தாவி விளையாடும். கூட்டம் அதிகமான நாளில் ஒரே கட்டிலில் இரண்டு பேர். யாருடைய மூச்சை எண்ணுவது? ஆள் அசைந்தால் அந்தச் சில நிமிடக் கணக்கு கெட்டுப்போகும். ஆனாலும் இருபத்துநாலு மணி நேரத்தில் அசையாமல் தூங்கும் நேரம் போதுமான அளவு இருக்கிறது. மூன்று வேளையும் 20 என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

தங்கவயலில் இதையும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்திவிட முடியாது. வயதான சுரங்கத் தொழிலாளர்களில் பலருக்கு நுரையீரலில் சிலிக்கா தூசி தங்கியிருக்கிறது. சிலிகோசிஸை இங்கே 1940களிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். அதற்குப் பின்னாலேயே காசநோயும் வரும். தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்றடிக்கும் மாதங்களில் இருமல் கூடும். அப்படிப்பட்ட ஒருவர் குடல் இறக்க ஆபரேஷனுக்குப் படுத்திருக்கிறார். அவருக்கு நிமிடத்துக்கு 24 மூச்சு என்பது அன்றாடம். ஆக்சிஜன் அளவு 91 என்பது நல்ல நாள். மற்ற ஊர் நோயாளிகளை வைத்துப் பழகிய கணினி அவரைப் பார்த்து நாள் முழுக்க மணியடிக்கும். அல்லது எல்லையை உயர்த்தி வைத்துவிட்டால், நிஜமாகவே 24 என்பது 30 ஆகும்போதுகூட வாய் திறக்காது. பிரிட்டனில் 2012 முதல் புழங்கும் நியூஸ் என்ற எச்சரிக்கை மதிப்பெண் அட்டையை 2017இல் திருத்தியபோது, நுரையீரல் நோயால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்குபவர்களுக்கென்று ஆக்சிஜனுக்குத் தனி அளவுகோல் சேர்த்தார்கள்: அவர்களுக்கு 88 முதல் 92 வரை இலக்கு அளவு. ஊருக்கொரு அளவுகோல் மட்டும் போதாது. இந்த மனிதருக்கு நேற்று எவ்வளவு, முந்தாநாள் எவ்வளவு என்று தெரிய வேண்டும். அது எதையும் கணிக்காத, இடைவிடாமல் குறித்து வைக்கும் கருவியால் சுலபமாக முடிகிற காரியம்.

அதே 2017 திருத்தத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. நோயாளிக்குப் புதிதாகக் குழப்பம் தட்டினால் அதற்கு மட்டுமே மூன்று மதிப்பெண். ஓர் அளவுக்குக் கொடுக்கும் உச்சபட்ச மதிப்பெண் அது. மெத்தைக்கு அடியிலுள்ள உணரிக்கு இது தெரிய வழியில்லை. கண்டுபிடிப்பவர் மகள்தான்: 'அப்பா ஒரு மாதிரி பேசறாரு, செத்துப்போன அத்தை வந்திருக்கான்னு சொல்றாரு.' டியூட்டி டாக்டர் கன்னடக்காரராக இருந்தால் அந்த 'ஒரு மாதிரி' அவர் காதில் சரியாக விழ வேண்டும். இங்கிலாந்தில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி 2021இல் செப்சிஸால் இறந்தாள். பெற்றோர் திரும்பத் திரும்பச் சொன்னதை யாரும் சரியாகக் கேட்கவில்லை. 2024 முதல் அங்கே அவள் பெயராலேயே மார்த்தா விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. உறவினருக்குக் கவலையாக இருந்தால், அந்த வார்டைச் சேராத வேறொரு மருத்துவக் குழுவை அவர்களே நேரடியாக அழைக்கலாம். இதற்கு மென்பொருள் வேண்டியதில்லை, ஒரு போன் நம்பர் போதும். கூட இருப்பவர்களை 'வெளியே போங்க, வெளியே போங்க' என்று விரட்டுகிற நம் வார்டுகளில் இதற்கு எத்தனை காலம் ஆகுமோ.

கோவிட் நமக்கு ஒரு எண்ணைக் கற்றுக்கொடுத்தது. தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டைப் பாட்டிக்கும் 'ஆக்சிஜன் 94க்குக் கீழே போனா ஆஸ்பத்திரி' என்று தெரிந்தது. அப்போதைய அரசு வழிகாட்டியில் அதே கட்டத்தில், அதே வரிசையில் இன்னொரு எண்ணும் இருந்தது: மூச்சு 24 அல்லது அதற்கு மேல். அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. விரலில் மாட்டும் கருவி கடையில் கிடைத்தது. மூச்சு எண்ண அப்படியொன்று கிடைக்கவில்லை.

கருவியின் கண்ணில் எப்போதும் படாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவில் மழை முடிந்த மாதங்களில் கடும் காய்ச்சலோடு வந்து செப்சிஸ் போலவே உறுப்புகள் செயலிழப்பவர்களில் பலருக்கு ஸ்கிரப் டைஃபஸ். புதர்ப் பூச்சி கடித்துப் பரவும் இது வழக்கமான கல்ச்சர் புட்டியில் முளைக்காது. செப்சிஸுக்கு முதலில் தரும் மெரோபெனம் வகையறாவுக்கு மசியாது. வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023இல் வெளியிட்ட சோதனை, டாக்ஸிசைக்ளினையும் அஸித்ரோமைசினையும் நரம்பில் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் என்று காட்டியது. ஆனால் அந்த மருந்தை நினைக்க வேண்டுமானால் முதலில் தடயம் கிடைக்க வேண்டும். அது சிகரெட்டால் சுட்டதுபோன்ற ஒரு கறுத்த பொருக்கு. அக்குளிலோ தொடையிடுக்கிலோ மார்பின் அடியிலோ இருக்கும். வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது. திரையைப் போட்டு, துணியை விலக்கி, டார்ச் அடித்துத் தேட வேண்டும். எந்த அபாய மதிப்பெண்ணும் இதைச் செய்யாது.

ஆகவே தங்கவயல் மாதிரி ஊருக்கு நான் கேட்பது விலையுயர்ந்த முன்கணிப்பை அல்ல. மூச்சையும் துடிப்பையும் பொய் இல்லாமல் எண்ணும் கருவி, ரத்தத்தில் லாக்டேட் எவ்வளவு என்று சில நிமிடத்தில் சொல்லும் சிறு இயந்திரம், எச்சரிக்கை வந்தால் அரை மணிக்குள் கட்டிலருகே நிற்க வேண்டிய ஆள் இன்னார் என்று சுவரில் எழுதிய பெயர். பிறகு ஆம்புலன்ஸ். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து கோலார் முப்பது கிலோமீட்டர். கட்டில் தேடி, வண்டி தேடி, கையெழுத்து வாங்கிப் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகிவிடலாம். 'மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் முதல் ஊசி கோலாரில்தான் விழும். கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து, புட்டியை நோயாளியோடு அனுப்பி, முதல் டோஸை இங்கேயே ஏற்றிவிட்டு, எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதினால் அங்கிருக்கும் டாக்டர் அடுத்த டோஸிலிருந்து தொடங்கலாம்.